டெஸ்க்டாப் பாலிசிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி? கேஷையும் சேர்த்து ஒரு தொடக்க வழிகாட்டி

ஐந்து கணினி இருக்கும் வரை ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து செட்டிங் மாற்றிவிடலாம். ஐம்பது ஆனதும் அது நடக்காது. நடந்தாலும், சில மாதம் கழித்து எந்தக் கணினியில் எதை மாற்றினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பிரௌசரின் முகப்புப் பக்கம், ப்ராக்ஸி, அப்டேட் நேரம், ஆபீஸ் நிரலில் மேக்ரோவை அனுமதிப்பதா வேண்டாமா, எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைத்து எல்லாக் கணினிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் பாலிசி நிர்வாகம் என்கிறோம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சர்வரைப் பற்றியே அதிகம் யோசிக்கிறார்கள். எந்த சர்வர், எந்தக் கன்சோல், எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்றே கேள்விகள் வரும். ஆனால் பிரௌசரோ ஆபீஸ் நிரலோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சர்வருக்குப் போய்க் காத்திருப்பதில்லை. அந்தக் கணினியிலேயே இருக்கும் ஒரு நகலைத்தான் படிக்கிறது. இந்த நகலைத்தான் கேஷ் என்கிறோம். அந்த நகல் எப்போது வந்தது, யாரால் அதை மாற்ற முடியும், சர்வர் கிடைக்காதபோது அதற்கு என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, போட்ட பாலிசியைத் திரும்ப எடுக்கத் தெரிவது.

முதல் படி: எதைப் பூட்டுவது, எதை விடுவது

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு செட்டிங்குக்கும் நேராக மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: கட்டாயம், டிஃபால்ட், தலையிட வேண்டாம். கட்டாயம் என்றால் பயனரால் மாற்றவே முடியாது. டிஃபால்ட் என்றால் நீங்கள் கொடுத்த மதிப்பில் தொடங்கும், விருப்பப்பட்டால் அவர் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு நிரல்களிலேயே இருக்கிறது. லினக்ஸில் குரோம் தன் பாலிசி ஃபோல்டருக்குள் மேனேஜ்ட், ரெகமெண்டட் என்று இரண்டு தனி ஃபோல்டர்களைப் பார்க்கும். முதலாவதில் போட்டது பூட்டப்படும், இரண்டாவதில் போட்டது பரிந்துரையாக மட்டும் நிற்கும். பயர்பாக்ஸில் முகப்புப் பக்கம் போன்ற பாலிசிகளுக்குள் லாக்ட் என்ற தனிக் குறியீடு உண்டு. அதை ட்ரூ என்று எழுதினால்தான் பூட்டும்.

என் கருத்தில், கட்டாயப் பட்டியல் சின்னதாக இருப்பதுதான் நல்லது. பாதுகாப்பு அப்டேட், எக்ஸ்டென்ஷன்களில் எவற்றை நிறுவலாம், மேக்ரோ, திரைப் பூட்டு ஆகியவற்றைப் பூட்டுவதற்குக் காரணம் சொல்ல முடியும். எழுத்தின் அளவையும் நிறத்தையும் பூட்டுவதற்குச் சொல்ல முடியாது. பார்வை குறைந்த ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடியாமல் நாள் முழுவதும் திண்டாடுவார், அது உங்களுக்குத் தெரியவும் வராது. ஒரே தோற்றம் வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் எதையும் பூட்டாதீர்கள்.

இரண்டாம் படி: அடுக்குகளைப் புரிந்துகொள்வது

ஒரே செட்டிங்குக்குப் பல இடங்களிலிருந்து மதிப்பு வரலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து மேலிருந்து பார்ப்பது போல, கடைசியில் எது தெரிகிறதோ அதுதான் நடப்பு மதிப்பு. அடுக்கு வரிசை ஒவ்வொரு அமைப்பிலும் வேறு. அதை அறியாமல் பாலிசி எழுதத் தொடங்கினால், "போட்டேன், ஆனால் வேலை செய்யவில்லை" என்ற இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.

விண்டோஸில் பாலிசிகளை மையத்திலிருந்து தரும் குரூப் பாலிசி, விண்டோஸ் 2000 உடன் வந்தது. முதலில் அந்தக் கணினியின் சொந்த பாலிசி, அடுத்து சைட் (ஓர் இடத்தின் நெட்வொர்க்), அப்புறம் டொமைன் (ஒரே மையத்தில் பதிவான கணினிகளும் பயனர்களும் சேர்ந்த தொகுப்பு), கடைசியாக அந்தக் கணினியோ பயனரோ இருக்கும் ஓயூ (டொமைனுக்குள் ஓர் உட்பிரிவு) என்ற வரிசையில் அது செயல்படும். கடைசியாக எழுதியதே நிற்கும், அதனால் ஓயூவில் போட்டது டொமைனில் போட்டதை மிஞ்சும். மேலிருந்து போட்டதைக் கீழே யாரும் மாற்றக்கூடாது என்றால் அந்த இணைப்பை என்ஃபோர்ஸ்ட் என்று குறிக்கலாம். இதை அபூர்வமாகப் பயன்படுத்துங்கள். நான்கைந்து இடத்தில் என்ஃபோர்ஸ்ட் போட்டுவிட்டால் அப்புறம் எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு.

லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பில், செட்டிங்குகளைச் சேமிக்க டிகான்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது. இதில் ப்ரொஃபைல் என்ற சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதன் முதல் வரி பயனருடைய சொந்தத் தரவுத்தளம், அடுத்தடுத்த வரிகள் கணினிக்கான பொதுத் தரவுத்தளங்கள். சாதாரணமாகப் பயனர் வைத்த மதிப்பே வெல்லும். பொதுத் தரவுத்தளத்தில் அந்த செட்டிங்குக்கு லாக் போட்டால் மட்டும் நிலைமை தலைகீழாகி, அட்மின் கொடுத்த மதிப்பு வெல்லும். அதாவது இங்கே மதிப்பும் பூட்டும் இரு வேறு கோப்புகள். மதிப்பை மட்டும் எழுதிவிட்டு லாக் போடாமல் விடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. புதிய பயனரிடம் சரியாகத் தெரியும், ஏற்கெனவே அந்தச் செட்டிங்கை மாற்றியவரிடம் எதுவும் நடக்காது.

மூன்றாம் படி: ஒரே கணினியில், ஒரே பாலிசியோடு தொடங்குவது

சர்வருக்குப் போகும் முன், பாலிசி நிஜமாகவே வேலை செய்கிறதா என்று ஒரு சோதனைக் கணினியில் பாருங்கள். தொடங்குவதற்கு பயர்பாக்ஸ் எளிது. 2018 மே மாதம் வந்த 60 ஆம் பதிப்பிலிருந்து, சர்வர் எதுவும் இல்லாமலே ஒரு கோப்பின் மூலம் பாலிசி கொடுக்க முடிகிறது. கோப்பின் பெயர் பாலிசீஸ், வடிவம் ஜேசன் (பெயரையும் அதன் மதிப்பையும் இணையாக எழுதும் உரை வடிவம்). விண்டோஸில் பயர்பாக்ஸ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் டிஸ்ட்ரிப்யூஷன் என்ற ஃபோல்டரை உருவாக்கி அதில் போட வேண்டும். லினக்ஸில் ஈடிசி அடைவுக்குள் பயர்பாக்ஸ், அதற்குள் பாலிசீஸ் என்ற அடைவில் போடலாம்.

கோப்பின் வெளி அடைப்புக்குள் பாலிசீஸ் என்ற ஒரே பெயர், அதற்குள் நீங்கள் விரும்பும் பாலிசிகள். முதலில் முகப்புப் பக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள், பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். பயர்பாக்ஸ் இந்தக் கோப்பைத் தொடங்கும்போதுதான் படிக்கும், அதனால் மூடித் திறக்க வேண்டும். பிறகு முகவரிப் பட்டியில் அபௌட்:பாலிசீஸ் என்று அடித்தால் எந்தெந்த பாலிசி செயலில் இருக்கிறது என்று காட்டும். கோப்பில் பிழை இருந்தால் அதே பக்கத்தில் எரர்ஸ் பகுதி தெரியும். கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தால் போதும், ஜேசன் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். ஒரு பாலிசி மட்டும் போகாது, எல்லாமே போய்விடும். அதனால் கோப்பை அனுப்பும் முன் ஜேசன் சரிபார்ப்பான் ஒன்றில் போட்டுப் பார்ப்பதைக் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டிகான்ஃப் பக்கம் வந்தால் மதிப்புகளைச் சாதாரண உரைக் கோப்பாக எழுதுவோம். ஆனால் டெஸ்க்டாப் அந்த உரைக் கோப்பைப் படிப்பதில்லை. டிகான்ஃப் அப்டேட் என்ற கட்டளையை ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு கொடுத்தால், உரைக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு பைனரி தரவுத்தளமாக மாறும். படிக்கப்படுவது அதுதான். இதுவே ஒரு வகைக் கேஷ். உரையை ஒவ்வொரு முறையும் அலசாமல், தயாராக இருக்கும் பைனரியை நேரடியாக நினைவகத்தில் ஏற்றிப் படிப்பதால் வேகம் கிடைக்கிறது. உரைக் கோப்பைத் திருத்திவிட்டு இந்தக் கட்டளையை மறந்தால் பழைய மதிப்பே தொடரும். பூட்டு விழுந்ததா என்று பார்க்க ஜிசெட்டிங்ஸ் கட்டளையில் ரைட்டபிள் என்று கேளுங்கள். ஃபால்ஸ் என்று பதில் வந்தால் பூட்டு சரியாக இருக்கிறது.

நான்காம் படி: மையத்திலிருந்து அனுப்புவது

இங்கே உங்கள் சூழலைப் பொறுத்து வழி மாறும். விண்டோஸ் டொமைன் இருந்தால் குரூப் பாலிசிதான். அதில் பாலிசிகளின் ஒரு தொகுப்பை ஜிபிஓ என்பார்கள். ஒவ்வொரு ஜிபிஓவும் இரண்டு துண்டாக இருக்கும். ஒரு பகுதி ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகள் இருக்கும் தரவுத்தளம்), இன்னொரு பகுதி சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் கோப்புகளாக. பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் மூன்றுக்கும் ஏடிஎம்எக்ஸ் வார்ப்புருக்கள் (எந்தெந்த பாலிசி உண்டு என்று கன்சோலுக்குச் சொல்லும் கோப்புகள்) கிடைக்கின்றன. அவற்றை சிஸ்வாலுக்குள் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்ற பொது ஃபோல்டரில் வைத்துவிட்டால், எந்த அட்மின் எந்தக் கணினியிலிருந்து திறந்தாலும் ஒரே பட்டியல் தெரியும்.

இதில் ஒரு பொறியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு பாலிசியைக் குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் தர வேண்டும் என்று, செக்யூரிட்டி ஃபில்டரிங்கிலிருந்து (பாலிசி யாருக்கு என்ற பட்டியல்) ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் (அடையாளம் சரிபார்க்கப்பட்ட எல்லாக் கணக்குகளும்) குழுவை நீக்குவார்கள். 2016 ஜூனில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியைக்கூட கணினியின் கணக்குதான் போய் எடுத்து வருகிறது. கணினிக்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால் பாலிசி வராது. குழுவை நீக்கினாலும், டெலிகேஷன் பகுதியில் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் திரும்பக் கொடுங்கள்.

லினக்ஸ் என்றால் அன்சிபிள், பப்பெட் போன்ற கருவிகள் மூலம் பாலிசிக் கோப்புகளை அனுப்பலாம். மூலக் கோப்புகளை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி) வையுங்கள். உபுன்டுவுக்கு ஏடிசிஸ் என்ற கருவி இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியின் ஜிபிஓவையே எடுத்துவந்து டிகான்ஃப் பாலிசியாக மாற்றிக் கொடுக்கும். மேக் என்றால் எம்டிஎம் (சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சேவை) வழியாக கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல் அனுப்புவதுதான் முறை. அங்கே செட்டிங்குகள் சேமிக்கப்படும் பிளிஸ்ட் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள். சிஎஃப்ப்ரெஃப்ஸ்டி என்ற பின்னணிச் சேவை மதிப்புகளைத் தன்னிடம் கேஷாக வைத்திருக்கிறது, நீங்கள் கோப்பில் எழுதியதை அது கவனிக்காமலே போகலாம்.

ஐந்தாம் படி: கேஷ்

இதுதான் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. கேஷ் ஏன் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் எளிது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது சர்வர் மூச்சுத் திணறக்கூடாது. மடிக்கணினி வெளியே போனாலும் பாலிசி கூடவே போக வேண்டும். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் லாகின் நிற்கக்கூடாது. ஆனால் கேஷ் இருக்கும் இடத்தில் தாமதமும் இருக்கும், அந்தத் தாமதத்தின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் சாதாரணக் கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல் இடைவெளி சேர்த்து, புதிய பாலிசி இருக்கிறதா என்று பார்க்கும். அந்தக் கூடுதல் இடைவெளி எல்லாக் கணினியும் ஒரே நொடியில் சர்வர் வாசலில் நிற்காமல் இருப்பதற்காக. டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இந்த இடைவெளி 5 நிமிடம். மைக்ரோசாஃப்டின் எம்டிஎம் சேவையான இன்ட்யூன் வழியாக நிர்வகிக்கும் விண்டோஸ் கணினிகள் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும். கணினியில் இருக்கும் பப்பெட் ஏஜென்ட் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஆக, பாலிசியை மாற்றிய அடுத்த நிமிடமே "வரவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம்.

ஜிபிஓ ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. கணினி அந்த எண்ணைப் பார்த்து, மாறவில்லை என்றால் பெரும்பாலான பாலிசிகளைத் திரும்பச் செயல்படுத்தாமல் விட்டுவிடும். ஜிபிஅப்டேட் கட்டளையோடு ஃபோர்ஸ் சேர்த்தால், மாறினாலும் மாறாவிட்டாலும் எல்லாவற்றையும் மறுபடி செயல்படுத்தும். பாதுகாப்பு செட்டிங்குகள் மட்டும் மாறாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே மறுபடி போடப்படும். மென்பொருள் நிறுவல், பயனரின் ஃபோல்டர்களை சர்வருக்குத் திருப்பிவிடும் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் போன்றவை பின்னணியில் நடக்காது. கணினி துவங்கும்போதோ லாகினின்போதோதான் நடக்கும், சில சமயம் இரண்டு லாகின்கூடத் தேவைப்படும். விண்டோஸ் 8.1 முதல் குரூப் பாலிசிக்கென்றே தனிக் கேஷும் இருக்கிறது. பாலிசி முடியும்வரை லாகினை நிறுத்திவைக்கும் முறையில், டொமைன் கன்ட்ரோலரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இறக்காமல், கடைசியாக இறக்கிய நகலை அது படித்துக்கொள்ளும்.

சர்வரே கிடைக்காவிட்டால்? நல்ல அமைப்புகள் கடைசியாகத் தெரிந்த நல்ல நகலோடு தொடரும். பப்பெட் ஏஜென்ட் சர்வரிடமிருந்து புதிய கேட்டலாக் (அந்தக் கணினிக்கான செட்டிங் பட்டியல்) பெற முடியாதபோது தன்னிடம் உள்ள பழைய கேட்டலாக்கையே பயன்படுத்தும், இது அதன் இயல்பான நடத்தை. ஏடிசிஸும் ஆஃப்லைனில் தன் கேஷைப் பயன்படுத்துகிறது.

சின்ன இடங்களில், வெப் சர்வரில் ஒரு கோப்பை வைத்து, ஒவ்வொரு கணினியும் ஒரு ஸ்கிரிப்ட் மூலம் இறக்கிக்கொள்ளும்படி தாங்களே எழுதிக்கொள்வார்கள். தவறில்லை, ஆனால் அப்படி எழுதும்போது கேஷின் எல்லாப் பொறுப்பும் உங்களுடையது.

"சர்வரில் பாலிசி இல்லை" என்பதும் "சர்வரை அடைய முடியவில்லை" என்பதும் வேறு வேறு. பல ஸ்கிரிப்ட்டுகள் இரண்டையும் ஒன்றாகப் பாவித்து, நெட்வொர்க் போனவுடன் பாலிசியைத் துடைத்துவிடும். கேபிளைப் பிடுங்கினால் கட்டுப்பாடு போய்விடும் என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை. பாலிசி நீக்கப்பட வேண்டும் என்றால் அதை சர்வர் வெளிப்படையாகச் சொல்லட்டும், உதாரணமாக "இந்தப் பதிப்பில் பாலிசி எதுவும் இல்லை" என்று சொல்லும் செல்லுபடியான ஒரு கோப்பு மூலம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பொது வைஃபையில் இணைந்தவுடன், நீங்கள் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் லாகின் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஸ்கிரிப்ட் சாதாரண எச்டிடிபியில் கேட்டிருந்தால், 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்து சேரும். அதைச் சோதிக்காமல் பாலிசி என்று சேமித்தால் நல்ல நகல் போய்விடும். எச்டிடிபிஎஸ் கட்டாயம். அதற்கு மேல், வந்தது செல்லுபடியான ஜேசன்தானா என்றும் பாருங்கள். டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதாதீர்கள். அதே டிஸ்க் பகுதியில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, சோதித்து, பிறகு பெயர் மாற்றுங்கள். லினக்ஸில் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். அந்த நேரத்தில் படிக்கும் நிரலுக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். பாதிக் கோப்பு கிடைக்காது. முந்தைய நகலையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

சர்வரின் சுமையைக் குறைக்க ஈடேக் (கோப்பின் பதிப்பைக் குறிக்கும் சிறு அடையாளம்) போதும். கணினி தன்னிடம் உள்ள நகலின் ஈடேக்கை அனுப்பிக் கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், கோப்பு வராது. கேட்கும் நேரத்தை ஒவ்வொரு கணினியிலும் சில நிமிடம் முன்பின்னாகக் கலைத்துவிடுங்கள்.

கடைசியாக, கேஷ் கோப்பில் எழுதும் உரிமை ரூட்டுக்கோ சிஸ்டம் கணக்குக்கோ மட்டும்தான் இருக்க வேண்டும். பயனரின் ஹோம் ஃபோல்டரில் வைத்த பாலிசியை அவரே திருத்திக்கொள்ள முடியும், அது பாலிசியே அல்ல. பலர் பயன்படுத்தும் கணினியில் பயனருக்கான கேஷை ஆளுக்குத் தனித்தனியாகவும் வைக்க வேண்டும்.

ஆறாம் படி: கணினியையே கேட்பது

சர்வரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், கணினியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் ஜிபிரிசல்ட் கட்டளை எந்த ஜிபிஓ செயல்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எச்டிஎம்எல் அறிக்கையாகவே தரும். குரோமில் குரோம்://பாலிசி பக்கம் மதிப்போடு சேர்த்து அது எங்கிருந்து வந்தது, கட்டாயமா பரிந்துரையா என்றும் சொல்லும். அதே பக்கத்தில் பாலிசியை மறுபடி ஏற்றும் பொத்தானும் உண்டு. சில பாலிசிகள் உடனே எடுபடும், சிலவற்றுக்குப் பிரௌசரை மூடித் திறக்க வேண்டும். எது எந்த வகை என்று குரோமின் பாலிசிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறார்கள்.

ஏழாம் படி: பரப்புவதும் திரும்ப எடுப்பதும்

முதலில் உங்கள் கணினி, அடுத்து ஒரு சின்னக் குழு, அப்புறம் எல்லோரும். குழுவில் வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் இருக்கட்டும். அட்மின்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்தப் பிரச்சினையும் தெரியாது. முதல் குழுவுக்கும் அடுத்ததற்கும் இடையே, உங்கள் கேஷ் புதுப்பிக்கும் இடைவெளியைவிட அதிக நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் பாலிசி போய்ச் சேரும் முன்பே "எல்லாம் சரி" என்று முடிவெடுத்துவிடுவீர்கள்.

திரும்ப எடுப்பது இன்னும் நுட்பமானது. விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் என்ற கிளைக்குக் கீழே எழுதப்படும் மதிப்புகள், ஜிபிஓவை நீக்கியதும் தாமாகவே அகன்றுவிடும். ஆனால் குரூப் பாலிசி ப்ரெஃபரன்சஸ் (மதிப்பை எழுதும், ஆனால் பூட்டாது) வழியாக மற்ற இடங்களில் எழுதியவை பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். ஜிபிஓ போய்விட்டது, மதிப்பு மட்டும் பச்சை குத்தியது போலக் கிடக்கும். அப்படிப்பட்டவற்றை எடுக்கும்போது ஜிபிஓவை உடனே நீக்காமல், முதலில் பழைய மதிப்பை அதே ஜிபிஓ மூலமே அனுப்புங்கள். வெளியே இருக்கும் மடிக்கணினிகள் உட்பட எல்லாக் கணினியும் அதைப் பெற்ற பிறகு நீக்குங்கள். ஒரு பாலிசியை அனுப்பும் முன்பே, சோதனைக் கணினியில் அதைப் போட்டும் எடுத்தும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மையங்கள் ஒரே கணினியை ஆளும் நிலையைக் கூடியவரை தவிர்க்கவும். குரூப் பாலிசியும் எம்டிஎம்மும் ஒரே செட்டிங்கைத் தொட்டால் முடிவைக் கணிப்பது கடினம். விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து, மோதல் வந்தால் எம்டிஎம்மே வெல்லட்டும் என்று சொல்ல ஒரு பாலிசி இருக்கிறது. ஆனால் அது எல்லா செட்டிங்குகளுக்கும் பொருந்தாது. இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று பிரித்து எழுதிவைப்பதே மேல்.

ஒவ்வொரு பாலிசிக்கும் அது ஏன் வந்தது, யார் கேட்டார்கள், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜிபிஓவில் கமென்ட் எழுத இடம் இருக்கிறது. டிகான்ஃப் கோப்பில் ஹேஷ் குறி போட்டுக் குறிப்பு எழுதலாம். ஜேசனில் குறிப்பு எழுத வழியில்லை, அதனால் பயர்பாக்ஸ், குரோம் கோப்புகளுக்கான காரணத்தை கிட் கமிட் செய்தியில் எழுதிவையுங்கள்.